மாஸ் எஃபெக்ட்: கதையும் ஆட்டமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மாஸ் எஃபெக்ட் வரிசையின் மூன்று பாகங்களையும் அண்மையில் அடுத்தடுத்து ஆடி முடித்தேன். முதல் பாகத்தின் கதை என்னைக் கட்டிப்போட்டது, சண்டைதான் சகிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் சண்டை தேறியது. கதையோ விண்மீன் மண்டலத்தை அழிக்க வரும் ரீப்பர் இயந்திரங்களை விட்டுவிட்டு வேறெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் பாகத்தில் சண்டை அருமை, முடிவு ஏமாற்றிவிட்டது. ஆட்டம் மெருகேற மெருகேறக் கதை மெலிந்துகொண்டே போகிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுதான் வளருமா?

இன்னொரு சிறு கேள்வி. என் தம்பியும் ஆட விரும்புகிறான். முதல் பாகத்தின் பழைய சண்டைமுறை அவனை விரட்டிவிடுமோ என்று அஞ்சுகிறேன். நேராக இரண்டாம் பாகத்தில் தொடங்கச் சொல்லலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

இந்தக் கருத்தைப் பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 என்று மூன்றையும் வெளியிட்ட வரிசையில் பார்த்தால் அது சரி என்றும் தோன்றும். எனக்கு உடன்பாடில்லை. கதையைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் மதிப்பிட்டுவிட்டுப் பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறீர்கள். நான் கேட்பது வேறு: ஆடுகிறவனின் விரல்கள் செய்யும் வேலையும் கதை சொல்லும் சேதியும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன? இப்படிக் கேட்டால் மூன்று பாகங்களும் வேறு மாதிரித் தெரியும்.

முதல் பாகத்தில் விர்மைர் என்ற கோளின் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோகன் இனத்தின் மீது ஏவப்பட்ட நோய் ஜீனோஃபேஜ். அதை உருவாக்கியவர்கள் சலேரியன் இனத்தவர், ஏவியவர்கள் டூரியன் இனத்தவர். ஆயிரம் கருவில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். அந்த நோய்க்கான மருந்து அந்தப் பாகத்தின் எதிரி சாரெனின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் கூடத்தைத் தகர்க்க நாம் வந்திருக்கிறோம். க்ரோகனான நம் தோழன் ரெக்ஸ் துப்பாக்கியை நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அவனைப் பேசி அமைதிப்படுத்த வேண்டுமென்றால் வசீகரம் அல்லது மிரட்டல் என்ற திறனில் முன்பே புள்ளிகள் போட்டிருக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? துப்பாக்கிப் பயிற்சிக்கும் கவசத்துக்கும் போட்டிருக்க வேண்டிய அதே இருப்பிலிருந்துதான். பேச்சுக்குச் செலவிட்டவனின் கை துப்பாக்கியைப் பிடிக்கும்போது நடுங்கும். (அவனுடைய குடும்பக் கவசத்தைத் தேடிக் கொடுத்திருந்தாலும் அவன் தணிவான் என்பது வேறு.) நீங்கள் சகிக்கவில்லை என்று சொல்லும் அந்த நடுங்கும் குறியில்தான் ரெக்ஸின் உயிருக்கான விலை இருக்கிறது. கதையும் ஆட்டமும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட இடம் அது.

குறைகள் இல்லாமல் இல்லை. 150 பொருள் சேர்ந்தவுடன் பையைக் காலி செய்யச் சொல்லும் பட்டியல் அலுப்பூட்டும். கிளைப் பணிகளில் ஒரே அமைப்பிலான சுரங்கமும் கிடங்கும் கோளுக்குக் கோள் திரும்பத் திரும்ப வருவது சோம்பேறித்தனம். கோள்களின் தரையில் ஓட்டும் மாக்கோ வண்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் பாகம் பேச்சுத்திறனைப் புள்ளிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, அதுவரை நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய நற்பெயரில் அல்லது முரட்டுப்பெயரில் எவ்வளவு பங்கை நாம் உண்மையில் ஈட்டினோம் என்று பார்க்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இடத்துக்கு இடம் மனம் சொன்னபடி நடந்தவன், ஓரிடத்தில் இரங்கியும் ஓரிடத்தில் அதட்டியும் வந்தவன், நம் படையில் இருக்கும் மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும்போது வாயடைத்து நிற்கிறான். முதல் தேர்விலேயே ஒரு பக்கத்தைப் பிடித்துக் கடைசி வரை அதிலேயே நின்றவன்தான் இருவரையும் சமாதானப்படுத்த முடியும். நன்றாகச் சிந்தித்து ஆடியவனுக்கு இது செய்த அநீதி. மூன்றாம் பாகம் இரண்டு பெயர்களையும் கூட்டி ஒரே மதிப்பாக்கி இதைச் சரிசெய்தது. இதில் கதை மெலியவில்லை என்பதைக் கவனியுங்கள். மெலிந்ததும் தேறியதும் விதிமுறைதான்.

இரண்டாம் பாகத்தின் மையக்கதை பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்டைக் கொன்று, செர்பரஸ் என்ற எதிரி அமைப்பின் கையால் உயிர்ப்பித்து, அந்த அமைப்பிடமே வேலைக்கு வைத்ததற்குக் கதை போதுமான காரணம் தரவேயில்லை. துப்பாக்கி விஷயத்திலும் அப்படித்தான். முதல் பாகத்தின் ஆயுதங்கள் உலோகக் கட்டியிலிருந்து துகளைச் சீவிச் சுடுகின்றன. குண்டு தீராது, சூடேறினால் ஆற விட வேண்டும். இரண்டாம் பாகத்தில் சண்டைக்கு வேகம் கூட்ட, தீர்ந்துபோகும் தெர்மல் கிளிப்புகளைக் கொண்டுவந்தார்கள். கெத்து என்ற இயந்திர இனத்திடமிருந்து கற்றது என்று ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். பத்தாண்டுகளாக உலகத் தொடர்பே அற்றுக் கிடந்த ஒரு கப்பலின் ஆட்களும் அதே கிளிப்புகளை வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் இரண்டாம் பாகத்தின் இறுதியில் வரும் அந்தத் தற்கொலைப் படையெடுப்பு! அதை வைத்துத்தான் உங்கள் கடிதத்துக்கு எதிராகவே நான் வாதிடுவேன். அதற்கு முன் பல மணி நேரம் தோழர்களோடு பேசுகிறோம், ஒவ்வொருவரின் வீட்டுச் சிக்கலையும் தீர்த்து வைக்கிறோம். கதை ஓரிடத்திலேயே நிற்கிறது என்று நீங்கள் நினைத்தது இந்தப் பகுதியைத்தான். கடைசியில் அந்தப் பழக்கம் முழுவதும் போர்த்தந்திரமாகிறது. எதிரித் தளத்தின் குழாய்க்குள் போகத் தோழன் ஜேக்கப் தானாக முன்வருகிறான். அவன் அதற்கு உரிய ஆள் இல்லை என்று அவனை அறிந்தவனுக்குத் தெரியும். பாதுகாப்புத் திரையை மன ஆற்றலால் பொருள்களை அசைக்கும் எந்த பயோட்டிக்கும் தாங்க முடியும் என்கிறாள் மிராண்டா; நம்பினால் ஒரு தோழரைப் பூச்சிக்கூட்டம் தூக்கிப்போகும். ஜாக்கோ சமாராவோதான் அதைத் தாங்குவார்கள். கடைசிச் சண்டைக்கு வலுவான க்ரண்ட்டையும் காரஸையும் கூட்டிக்கொண்டு போனால் பின்னால் நிற்பவர்களின் காவல் பலம் குறைகிறது. அங்கே பெரும்பாலும் முதலில் விழுவது சலேரியன் அறிவியலாளர் மோர்டின். இதில் எதுவும் சாமர்த்தியமாகச் சுடுவதால் தீர்வதில்லை. ஆட்களை எவ்வளவு கவனித்தோம் என்பதுதான் வெற்றி தோல்வி. மையக்கதை மெலிந்திருந்த ஒரு பாகம் கதையையும் ஆட்டத்தையும் வேறெவரும் செய்யாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது.

அங்கே சாகவிட்ட மோர்டினை மூன்றாம் பாகத்தில் க்ரோகன்களின் கோளான டூசாங்காவில் தேடிப் பாருங்கள். ஜீனோஃபேஜை மேம்படுத்தும் பணியில் இருந்த அதே மனிதர், மருந்தைப் பரப்பத் தீப்பற்றி எரியும் கோபுரத்தின் மேல் ஏறுகிறார். அவர் இல்லாவிட்டால் வேறொரு சலேரியன் அதைச் செய்வான். அந்த இடம் வெறும் பணியாகத்தான் கழியும். ரெக்ஸ் உயிரோடு இருந்தால் க்ரோகன்களுக்கு நிதானமான தலைவன் கிடைக்கிறான். இல்லையென்றால் பழிவெறி கொண்ட ரீவ். மோர்டினின் மாணவன் மெய்லனின் ஆய்வுத் தரவுகளை இரண்டாம் பாகத்தில் அழித்திருந்தால் ஈவ் என்ற க்ரோகன் பெண் பிழைப்பதில்லை. ரெக்ஸும் ஈவும் இல்லாத நிலையில், மருந்தை நிறுத்திவிடலாம் என்று மோர்டினையே சம்மதிக்க வைக்கவும் முடியும். அப்போது அது அநியாயம் என்று துணிந்து சொல்லவும் முடியாது. மூன்று ஆட்டங்களில் எடுத்த முடிவுகள் ஒரே மதிய வேளையில் வந்து நிற்கின்றன.

மாக்கோவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். துள்ளிக் குதித்து மலையேற மறுக்கும் அந்த வண்டியை எல்லோரும் திட்டினார்கள். வெற்றுக் கோளின் சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போது தரை அதிர்ந்து த்ரெஷர் மா என்ற பெரும்புழு எழும்பும். ஏன் இறந்தோம் என்று புரிவதற்குள் இறந்திருப்போம். இரண்டாம் பாகத்தில் க்ரண்ட்டின் சடங்கில் அதைக் காலால் நின்று எதிர்கொள்கிறோம். டூசாங்காவில் அந்த இனத்தின் பெருந்தாயான கால்ரோஸை அழைக்க, ரீப்பரின் கால்களுக்கு இடையே ஓடிச் சம்மட்டிகளை இயக்குகிறோம். அந்தப் புழு ரீப்பரைச் சுற்றி வளைத்து மண்ணுக்குள் இழுக்கும்போது உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம் வசனமோ காட்சியமைப்போ அல்ல. மாக்கோவில் நாம் பட்ட பயம். முதல் பாகத்தைத் தாண்டிக் குதித்தவனுக்கு அது பெரிய விலங்கு ஒன்று வந்து போகும் காட்சி மட்டுமே.

இத்தனையும் சாதித்த அதே மூன்றாம் பாகம்தான் சரிந்தது. கதை பலவீனமானதால் சரிந்தது என்று நான் நினைக்கவில்லை. ராக்னி என்ற பூச்சியினத்தின் ராணியை மன்னித்தது, கெத்துகளையும் அவற்றை உருவாக்கிய குவாரியன்களையும் சமாதானப்படுத்தியது, இனங்களின் ஆட்சிக்குழுவான கவுன்சிலைக் காத்தது என்று எல்லாவற்றையும் போர்ப்பலம் என்ற எண்ணாக மாற்றி ஒரு பட்டியலில் கூட்டினார்கள். வெளியானபோது அந்தக் கூட்டலையும் தயார்நிலை என்ற சதவீதத்தால் பெருக்கினார்கள். பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குப் போகாதவனுக்கு அது 50 சதவீதத்தில் நின்றது. தற்கொலைப் படையெடுப்பில் மோர்டின் மோர்டினாகவே இருந்தார். இறுதிப் போர் நடக்கும் லண்டனில் அவரவர் எண்ணாக வந்தார்கள். எண்களுக்கு முகம் கிடையாது. அதனால் கடைசியில் அழித்தல், கட்டுப்படுத்தல், கலத்தல் என்று மூன்று வழிகளை நீட்டியபோது அதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்கும் அவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2012 ஜூனில் இலவசமாகத் தந்த விரிவாக்கம் பின்கதைகளைச் சேர்த்தது, நான்காவதாக மறுக்கும் வழியையும் தந்தது. விளக்கம் கூடியது. அந்தக் கடைசி மணி நேரத்தில் நாம் செய்யும் வேலை மட்டும் மாறவில்லை. ஒரு கூட்டத்தைச் சுடுகிறோம், அடுத்த கூட்டத்தைச் சுடுகிறோம், ஒரு திசையில் நடக்கிறோம். சண்டை நன்றாக இருந்தும் அங்கே அது எதையும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாகத்திலிருந்தே தொடங்கட்டும். 2021இல் வந்த லெஜண்டரி பதிப்பில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. துப்பாக்கியின் நடுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள், மாக்கோவையும் ஓரளவு பழக்கியிருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் நேராகத் தொடங்குபவர்களுக்காக முந்தைய முடிவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் சித்திரக்கதை ஒன்று அதில் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டால் ரெக்ஸ் இறந்துவிட்டதாகவே ஆட்டம் எடுத்துக்கொள்ளும். சித்திரக்கதையில் தொட்டுத் தேர்ந்த ரெக்ஸ் கடற்கரையில் காப்பாற்றிய ரெக்ஸ் ஆக மாட்டான். எனவே சித்திரக்கதை வேண்டாம். கிளைக் கோள்கள் எல்லாவற்றையும் துருவ வேண்டியதில்லை, மூன்று நான்கு போதும். ஒவ்வொரு பெரிய பணிக்குப் பிறகும் கப்பலின் கீழ்த்தளத்துக்கு இறங்கி ரெக்ஸிடம் பேசச் சொல்லுங்கள். தற்கொலைப் படையெடுப்பில் யாரை எங்கே அனுப்புவது என்று அவன் கேட்டால் மட்டும் பதில் சொல்லாதீர்கள். இணையத்தில் தேடவும் விடாதீர்கள். யாராவது இறந்தால், பழைய சேமிப்புக்குத் திரும்பாமல் அப்படியே மூன்றாம் பாகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.