ஏழாயிரம் டாலரும் பீரோவில் இருக்கும் படமும்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு படம் எடுக்கப் போகிறோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலரை லட்சம் சேர்த்திருக்கிறோம். கேமரா ஒரு நண்பனுடையது. ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' எடுத்த கதையைப் படித்துத்தான் துணிந்தோம். ஆனால் வீட்டில், "கம்பெனி இல்லாமல் எடுத்தால் யார் வெளியிடுவார்கள்?" என்று கேட்கிறார்கள். குறைந்த செலவில் எடுத்து ஜெயிக்க முடியும்தானே?

ம., திருச்செங்கோடு

அன்புள்ள ம.,

எடுக்க முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் கேட்ட கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

ரோட்ரிகஸ் கதையை முழுதாகப் பார்ப்போம். புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் தங்கி, தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த பணம் அந்தப் படத்தில் இருக்கிறது. திரைக்கதையை எழுதியதும் அங்கேயேதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரையே வில்லனாக்கினார். படமோ ஸ்பானிஷ் மொழியில். அந்த மனிதருக்கு ஸ்பானிஷ் தெரியாது, வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். டெக்சாஸ் எல்லையை ஒட்டிய மெக்சிகோ ஊரான சியூடாட் அகூன்யாவில் படப்பிடிப்பு. கேமராவை நகர்த்தும் டிராலிக்குப் பதில் ஒரு சக்கர நாற்காலி. பிலிம் வீணாகக் கூடாது என்று பெரும்பாலும் ஒரே டேக். அவருடைய 16 எம்எம் பிலிம் கேமரா போடுகிற சத்தத்தில் வசனம் பதிய முடியாது. அதனால் ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர்களை அதே இடத்தில் திரும்பப் பேச வைத்து டேப்பில் பிடித்துக்கொண்டார்.

பலரும் சொல்லாமல் விடுவது இதற்கு அப்புறம் வருவது. அவர் எடிட் செய்தது வீடியோவில். ஸ்பானிஷ் வீடியோ கேசட் சந்தையில் விற்பதுதான் திட்டம். அந்த 7,000 டாலருக்குள் தியேட்டரில் ஓட்டக்கூடிய பிரிண்ட் ஒன்றுகூடக் கிடையாது. கொலம்பியா என்ற ஹாலிவுட் நிறுவனம் வாங்கி, அன்று தியேட்டர்களில் ஓடிய 35 எம்எம் பிலிமுக்கு மாற்றி, ஒலியைச் சரிசெய்து, விளம்பரம் செய்து, பல மடங்கு செலவழித்த பிறகுதான் 1993-ல் தியேட்டருக்கு வந்தது. ஆக, எடுத்தது தனியாள், ஜனங்களிடம் கொண்டுபோனது ஸ்டுடியோ. உங்களுக்கு அந்த இரண்டாம் பாதி அமையும் என்று நம்பி இறங்காதீர்கள்.

என் நண்பர் ஒருவர் அப்படி நம்பினார். இருந்த பணம் அத்தனையும் படப்பிடிப்பிலும் எடிட்டிங்கிலும் தீர்ந்தது. நல்ல படம், நான் பார்த்தேன். அது இருக்கும் ஹார்ட் டிஸ்க் இன்று அவர் வீட்டு பீரோவில், கல்யாணப் புடவைகளுக்கு அடியில், ஒரு மஞ்சள் பைக்குள் கிடக்கிறது. போன தடவை போனபோது எடுத்துக் காட்டிவிட்டு, பேசாமல் திரும்ப வைத்துப் பூட்டினார். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மதுரைப் பக்கம் எடுக்கப்பட்ட பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே. நயன்தாரா, விக்னேஷ் சிவனின் நிறுவனமும் பின்னால் நின்றது. அப்படியிருந்தும் ஓடிடியில் வர 2023 அக்டோபர் ஆயிற்று. விருதே வழியைத் திறந்துவிடும் என்பதற்கில்லை.

ரோட்ரிகஸைவிட உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கேரள இயக்குநர் ஜான் ஆபிரகாம் என்று நினைக்கிறேன். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். 1984-ல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, ஜனங்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். அதில் உருவானதுதான் 1986-ல் வந்த மலையாளப் படம் 'அம்ம அறியான்'. முடிந்ததும் அதையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்த்தான் காட்டினார்கள். காசு கொடுத்தவர்களுக்கு அது தங்கள் படம். பணம் திரட்டும்போதே பார்வையாளர்களையும் சேர்த்துவிட்டார்கள் பாருங்கள், அதுதான் என்னை இன்றும் அசர வைக்கிறது.

அமெரிக்க இயக்குநர் ஜான் கசாவடிஸும் தன் படத்தைத் தானே கொண்டுபோய்க் காட்டும் இந்த வேலையைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' படத்தை வெளியிட ஆள் கிடைக்காதபோது, 1974-ல் தானே தியேட்டர்களோடு பேசித் திரையிட்டார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்தது.

சரி, உங்கள் நாலரை லட்சத்துக்கு வருவோம். அதில் ஒன்றரை லட்சத்தை இன்றே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். படப்பிடிப்பு நாட்களைக் குறைக்க நேர்ந்தாலும் அதைத் தொடாதீர்கள். தியேட்டரில் காட்ட தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஏற்ற வடிவத்தில் பிரதி வேண்டும், போஸ்டர் வேண்டும், போகவர பஸ் செலவு இருக்கிறது. ஒலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

ஊர்க்காரர்கள் நடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் திரையிடலை அந்த ஊரிலேயே வையுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள். மஞ்சள் பைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.