காட்டை ஏன் ஒதுக்கி வைக்கிறார்கள்?

கேள்வி: அந்தப் பக்கம் தேக்கடி, இந்தப் பக்கம் மேகமலை, எல்லாமே புலிகள் காப்பகம். உலகம் முழுக்க இப்படி இடத்தை ஒதுக்குவது மிருகங்களுக்காக மட்டும்தானா? எங்களைப் போன்ற விவசாயிகளுக்கு என்ன பயன்?
- வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் இருபோக வயலில் பாயும் தண்ணீரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் திருப்பிய தண்ணீர் அது. அணைக்கு மேலே இருக்கிற காட்டு மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகிறது; அந்த மரங்களை வெட்டிவிட்டால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து அணைக்குள் இறங்கும். அந்தத் தேக்கடிக் காட்டை 1934-ல் திருவிதாங்கூர் அரசு சரணாலயமாக்கியது, 1978-ல் புலிகள் காப்பகமானது. 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை காப்பகத்துக்குள்தான் வைகையின் ஊற்றுக்கண்களும் இருக்கின்றன. புலி பிழைக்கிற அளவுக்குக் காடு நன்றாக இருந்தால், மதுரை, ராமநாதபுரம் வரைக்கும் தண்ணீர் போகும்.

ஆனால் எல்லா நாட்டிலும் இதே நோக்கத்தோடு தொடங்கவில்லை. அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோனை ஒதுக்கியது அதன் வெந்நீர் ஊற்றுகளையும் அழகையும் மக்கள் பார்த்து மகிழட்டும் என்றுதான். அங்கே இருந்த ஓநாய்களை 1920-களில் அரசே சுட்டு ஒழித்தது. ஓநாய் போனதும் எல்க் மான்கள் பெருகி இளஞ்செடிகளை மேய்ந்து தீர்த்தன, கடைசியில் 1995-ல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்போம் என்று உலக நாடுகள் 2022-ல் மாண்ட்ரியலில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நல்ல முடிவு, ஆனால் யானை புகுந்து வாழை அழிந்தால் நஷ்டம் காட்டோரத்து விவசாயிக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும்.

கேள்வி: காட்டைக் காக்க மனிதர்களை வெளியேற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, குமுளி

பதில்: வேண்டியதில்லை. தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து 1959-ல் மாசாய் மக்களை வெளியேற்றினார்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்தவர்கள் அவர்கள். அது அநியாயம்தான். இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் இன்றும் ஊர்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் தேக்கடியிலேயே திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தார்கள், எந்தப் பாதையில் யார் நுழைவார்கள் என்று தெரிந்த அவர்களே ரோந்தும் போகிறார்கள். 2002-லிருந்து வசந்தசேனை என்ற குழுவின் பெண்களும் கூலி வாங்காமல் காட்டுக்குள் நடந்து காவல் காக்கிறார்கள்.