48 மணி நேரத்தில், 13 கிலோபைட்டில் கேம் செய்யும் போட்டிகளுக்குப் போகலாமா?

கேட்டவர் சொல்வது இது: ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், பகலில் வேலை இருக்கிறது, இரண்டு நாள், ஒரு மாதம் என்று கெடு வைத்து நடக்கும் பிரவுசர் கேம் போட்டிகளில் கலந்துகொண்டால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, வேலைக்கு உதவுமா, எங்கே தொடங்குவது?

உண்டு, தாராளமாகப் போங்கள். நான் கோயம்புத்தூரில் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கேம் துறையில் எனக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. ஆனாலும் 2018-லிருந்து வருடத்துக்கு ஒரு போட்டிக்காவது எதையாவது செய்து அனுப்பிவிடுகிறேன். அதற்கு முன்னால் நான்கு வருடம் ஒரே ஒரு கேமைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதில் ஊர் இருந்தது, கடை இருந்தது, மழை பெய்தது, விளையாட மட்டும் ஒன்றும் இல்லை, அதை என்னைத் தவிர யாரும் தொட்டதும் இல்லை. கெடு என்ற ஒன்று வந்த பிறகுதான் நான் செய்ததை முன்பின் தெரியாதவர்கள் விளையாடினார்கள். எனக்கு இந்தப் போட்டிகள் கொடுத்த பெரிய விஷயம் அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் எனக்கு நன்றாகப் பழகிய போட்டியைச் சொல்கிறேன். ஜேஎஸ்13கே கேம்ஸ் என்று பெயர், போலந்தைச் சேர்ந்த ஆன்ட்ஜேய் மாசூர் 2012-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 13 அன்று தலைப்பு சொல்வார்கள், செப்டம்பர் 13-க்குள் கேமை அனுப்ப வேண்டும். தலைப்பு வருவது அங்கே மதியம் 1 மணிக்கு, நமக்கு அது மாலை 4:30, மறுநாள் விட்டு ஆகஸ்ட் 15 விடுமுறை, அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு நாள் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். ஒரு மாதம் இருக்கிறதே, இதில் என்ன அவசரம் என்று நினைக்கலாம். விதியைப் பாருங்கள்: நிரல், படம், சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஜிப் செய்தால், அதாவது ஒரே கோப்பாகச் சுருக்கினால், 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து எந்த நூலகத்தையும் (மற்றவர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு), எழுத்துருவையும் இணையம் வழியாக இழுக்கக் கூடாது. போனில் எடுக்கிற ஒரு போட்டோவே சில ஆயிரம் கிலோபைட் வரும், அப்படியானால் இந்த அளவு எவ்வளவு சின்னது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2018-இல் கொடுத்த தலைப்பு 'ஆஃப்லைன்'. பெரும்பாலானவர்கள் நெட் இல்லாத நிலையை நினைத்திருப்பார்கள். எனக்கு 2012-இல் எங்கள் ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். இருட்டான வீடு, கையில் ஒரு மெழுகுவர்த்தி, ஒவ்வொரு அறையிலும் இருக்கும் விளக்கை ஏற்ற வேண்டும், ஜன்னல் பக்கம் போனால் காற்றில் சுடர் ஆடும், வேகமாக ஓடினாலும் அணைந்துவிடும். இதில் ஒரு அதிர்ஷ்டம் அமைந்தது, இருட்டுக்குப் பைட் செலவே இல்லை! திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மெல்ல மங்கிக்கொண்டே போகும் மஞ்சள் வெளிச்சம், பிரவுசரில் படம் வரைய இருக்கும் கேன்வாஸில் அது நான்கைந்து வரி. வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் வெறும் செவ்வகமாகப் போட்டாலும் பார்ப்பவர் மனதில் அது வீடாகிவிடுகிறது. இடம் நிறைய இருந்திருந்தால் நான் கட்டிலுக்கு மரக்கோடு போட்டு இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன்.

தமிழில் சில வரிகள் வைக்க ஆசைப்பட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது, எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'விளக்கு' என்ற சொல்லில் மெய்ப்புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் 7 குறியீடு, அப்படியானால் 21 பைட். பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட இருந்தேன், ஆனால் ஜிப் செய்து பார்த்தால் அவ்வளவு கூடவில்லை, ஏனென்றால் தமிழ் எழுத்துகளின் முன் பைட்டுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வரும், திரும்ப வருவதை ஜிப் நன்றாகச் சுருக்கிவிடும். இதே காரணத்தால்தான் இந்தப் போட்டியில் வழக்கமான நிரல் ஒழுக்கம் சில நேரம் தலைகீழாகும். ஒரே மாதிரி வரும் மூன்று வரியைத் தனி ஃபங்ஷனாகப் பிரிப்பதைவிட அப்படியே மூன்று இடத்தில் எழுதினால் ஜிப் சின்னதாக வரலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சுருக்கி அளந்து பார்த்தால்தான் தெரியும், மனக்கணக்கு உதவாது.

கடைசி நாளுக்கு முந்தைய இரவு என் ஜிப் 13,890 பைட்டில் நின்றது. 578 பைட் குறைக்க வேண்டும். மாறிகளின் பெயரைச் சுருக்குவது, வண்ணக் குறியீட்டை ஆறு இலக்கத்திலிருந்து மூன்று இலக்கமாக்குவது எல்லாம் முன்பே செய்தாகிவிட்டது. அப்புறம் ஜன்னல் வழியாக வந்து சுடரைத் தட்டிவிடும் பூனையை எடுத்தேன், எனக்கு மிகவும் பிடித்த பூனை, போதவில்லை. முதல் திரையில் ஐந்து வரியில் கதை சொல்லியிருந்தேன், பாட்டி வீடு, கோடை விடுமுறை, கரண்ட் போனது என்றெல்லாம். அதைத் தூக்கினேன். இப்போது கேம் திறந்தவுடன் இருட்டு, ஒரு தீக்குச்சி உரசும் சத்தம், ஒரு சின்ன வெளிச்சம், அவ்வளவுதான். 13,297 பைட். கதையை எடுத்ததற்காக வருத்தப்பட்டுக்கொண்டே விளையாடிப் பார்த்தேன், அந்த ஐந்து வரி சொன்னதை எல்லாம் தீக்குச்சிச் சத்தமே சொல்லிவிட்டது. இதை எத்தனை பாடம் படித்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், ஏனென்றால் கட்டாயம் வராமல் அந்த வரிகளில் நான் கை வைத்திருக்கவே மாட்டேன்.

இப்போது சேர்பவர்களுக்குக் கருவிகள் எவ்வளவோ கூடிவிட்டன. ஃபிராங்க் ஃபோர்ஸ் எழுதிய இசட்இசட்எஃப்எக்ஸ் என்ற சின்ன நிரலை வைத்து ஒரு வரி எண்களில் வெடிச் சத்தமோ நாணயச் சத்தமோ உண்டாக்கலாம், அது சுருக்கினால் 1 கிலோபைட்கூட வராது. ரோட்ரோலர் என்று ஒன்று 2021-இல் வந்தது, ஜிப் செய்வதற்கு முன்னால் ஜாவாஸ்கிரிப்டை இன்னும் இறுக்கித் தரும். படத்துக்குப் பதிலாக எமோஜியை எழுத்தாகவே வரையலாம், பெரும்பாலானவை 4 பைட்தான், ஆனால் ஒவ்வொரு போனிலும் கம்ப்யூட்டரிலும் வேறு மாதிரி தெரியும் என்பதை மறக்க வேண்டாம். இதற்கெல்லாம் மேலே நான் மதிப்பது, அனுப்புகிறவர்கள் படிக்கக்கூடிய மூல நிரலை, நிரல்களை எல்லோரும் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைக்க வேண்டும் என்ற விதியை. ஒரு கேம் பிடித்திருந்தால் அன்றைக்கே அதைத் திறந்து எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம். 13 கிலோபைட் என்பதால் ஒரு சனிக்கிழமையில் முழுதாகப் படித்து முடிக்கவும் முடியும், பெரிய கேம்களில் இது நடக்காத காரியம். நான் நிரல் எழுதக் கற்றதில் பாதி இப்படிப் படித்ததில் வந்தது.

48 மணி நேரப் போட்டி வேறு மாதிரி. லூடம் டேர் என்பது 2002-இல் தொடங்கியது, லத்தீனில் 'விளையாட்டைக் கொடுப்பது' என்று பொருள். அதில் முக்கியமாக இரண்டு வகை. தனி ஆளாக 48 மணி நேரத்தில் நிரல், படம், இசை எல்லாவற்றையும் புதிதாகச் செய்து மூலத்தையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்று, குழுவாக 72 மணி நேரம் எடுத்துக்கொள்வது இன்னொன்று. பரிசுப் பணம் கிடையாது. கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமுக்கு ஒருவர் மதிப்பெண் போடுவார்கள்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், 'அதை உயிரோடு வைத்திரு' என்ற பொருளில் தலைப்பு வந்தது. நான் மொட்டை மாடித் தக்காளிச் செடி ஒன்றைச் செய்தேன். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் 40 விநாடியில் வாடும், அதற்குள் குரங்கை விரட்ட வேண்டும், வாளியை நிரப்ப வேண்டும். என் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. அனுப்பிவிட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால், இதை விளையாடவே முடியவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் செடி செத்துப்போகிறது என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள். காரணம் இதுதான்: திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் செடி கொஞ்சம் வாடும் என்று எழுதியிருந்தேன். என் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும், கேமுக்கென்றே வாங்கும் திரைகள் 144 முறை. அவர்களுக்கு 40 விநாடி 17 விநாடியாகிவிட்டது. எத்தனை முறை வரைந்தோம் என்று எண்ணாமல், போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று கணக்கிட்டிருக்க வேண்டும். விளையாட முடியாத அளவுக்கு இருக்கும் பிழையைக் கெடு முடிந்த பிறகும் திருத்த அங்கே இடம் உண்டு, திருத்தினேன், அந்த நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன், இரண்டு பேர் திரும்ப வந்து விளையாடினார்கள்.

பிரவுசருக்கென்றே இப்படிச் சில பள்ளங்கள் இருக்கின்றன, முதல் தடவை எல்லோரும் விழுவார்கள். குரோமில் பயனர் ஒரு முறையாவது கிளிக் செய்யாமல் சத்தம் வராது, அதனால் 'தொடங்கு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பிரச்சினை செய்யாது, சர்வரில் ஏற்றியதும் அதே படம் காணாமல் போகும். அப்புறம் அம்புக்குறி, ஸ்பேஸ் பார் இரண்டும் பக்கத்தையே நகர்த்தும், அதைத் தடுக்க ஒரு வரி போட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குக் காட்டியது ஆறாவது படிக்கும் என் அக்கா மகன். மெழுகுவர்த்தி கேமை அவன் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினான், கேம் மேலே போய்விட்டது, வெள்ளைப் பக்கம்தான் தெரிந்தது. "சித்தி, முடிஞ்சிருச்சா?" என்றான். பிறகு திரும்ப வந்து இருட்டைப் பார்த்தபடி பத்து விநாடி எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான், கேம் இன்னும் லோடு ஆகிறது என்று நினைத்திருக்கிறான். வாயைத் திறந்து 'வலது பக்கம் போ' என்று சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கே முதல் விளக்கைத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் பாதி தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிரவுசர் கேமை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, இன்ஸ்டால் செய்வதும் இல்லை, பிடிக்காவிட்டால் அடுத்த டேபுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இருக்கிற நேரத்தில் பாதியை முதல் ஒரு நிமிடத்துக்கே கொடுங்கள் என்பேன். பத்தாவது கட்டத்தை அழகாகச் செய்து வைத்தால் பார்க்க ஆள் வர வேண்டுமே.

வேலைக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். நேராக வேலை வாங்கித் தராது. ஆனால் எங்கள் கம்பெனியில் நேர்காணலுக்கு நானும் உட்காருவதுண்டு, ஒருவர் ஒரு இணைப்பைக் கொடுத்து, அதைத் தட்டியதும் என் முன்னால் ஒன்று ஓடினால், அவரிடம் கேட்க எனக்கு உண்மையான கேள்விகள் கிடைக்கின்றன. பெரிய கேம்களே இப்படிப் பிறந்திருக்கின்றன, 2018-இல் வெளிவந்த, மலையேறும் கேமான செலஸ்ட்டின் முதல் வடிவம் நான்கு நாளில் செய்யப்பட்டது, அந்தச் சின்ன வடிவத்தை இன்றும் பிரவுசரிலேயே விளையாடலாம். அதை எதிர்பார்த்து யாரும் இறங்க வேண்டாம் என்றாலும் நடந்தது நடந்ததுதான்.

சரி, எப்படித் தொடங்குவது. முதல் தடவை தனியாகச் செய்யுங்கள், குழுவில் பேசித் தீர்ப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். தலைப்பு வந்ததும் தோன்றும் முதல் யோசனை இன்னும் நூறு பேருக்கும் தோன்றியிருக்கும், ஒரு டீ குடித்துவிட்டு உங்கள் வீட்டில், தெருவில் அந்தத் தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். 48 மணி நேரம் என்றால் முதல் நாள் இரவுக்குள் செவ்வகமும் வட்டமுமாகவாவது ஆட்டம் ஓடியிருக்க வேண்டும், படமும் இசையும் அதற்குப் பிறகுதான். கெடுவுக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே ஒரு வடிவத்தை ஏற்றிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் நெட் படுத்தும். இரண்டு இரவும் தூங்குங்கள், தூக்கம் கெட்டு எழுதிய நிரலை மறுநாள் நானே அழித்திருக்கிறேன்.

அனுப்பியதோடு ஓடிவிடாதீர்கள். லூடம் டேரில் 20 பேராவது மதிப்பெண் போட்டால்தான் உங்கள் கேம் தரவரிசையில் வரும், மற்றவர்கள் கேமை விளையாடி எழுதினால்தான் உங்களுடையதும் மற்றவர் கண்ணில் படும். அந்தச் சில வாரங்கள்தான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. ஒரே தலைப்பு, ஒரே கெடு, ஆனால் ஒருவர் அதைச் சதுரங்கமாக்கியிருப்பார், ஒருவர் சமையலாக்கியிருப்பார். 'நன்று' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகாமல், எந்த இடத்தில் சிக்கினேன், எந்த இடத்தில் சிரித்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள், அப்படி எழுதியவர்கள் கேமைத்தான் நான் முதலில் தேடிப் போய் விளையாடுவேன்.

ஆகஸ்ட் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் போட்டிகளுக்கென்றே நாள்காட்டி இருக்கிறது, வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும், நாற்பது ஐம்பது பேர் மட்டும் சேரும் சின்னப் போட்டியாகப் பார்த்துச் சேருங்கள், அங்கே உங்கள் கேமை விளையாடுபவர்கள் கட்டாயம் இருப்பார்கள். செய்து முடித்ததும் இணைப்பைக் கீழே போடுங்கள். லேப்டாப்பில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை விளையாடிப் பார்த்து எங்கே சிக்கினேன் என்று எழுதுகிறேன், முடிந்தால் அக்கா மகனையும் உட்கார வைக்கிறேன்.