மழை விட்டதும் வீட்டுக்குள் ஈசல் மொய்க்கிறதே, வீட்டில் கரையான் இருக்கிறதா?

ஈசல், இறகு முளைத்த கரையான்தான். புற்று பெருத்ததும் புதுக் குடி அமைக்கக் கிளம்பும். மண் நனைந்தால்தான் இறகை உதிர்த்த ஜோடி உள்ளே துளைக்க முடியும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கோடை மழைக்குப் பின் இவை பறப்பது அதனால்தான். இலவங்காய் வெடித்த மாதிரி, பறப்பது ஏராளம், பிழைப்பது சொற்பம்.

விளக்குக்காக ஜன்னல் வழியே வந்தவை என்றால் பயமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, காலையில் பெருக்கித் தள்ளுங்கள்.

கதவு நிலையின் அடியிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ கிளம்பினால் கரையான் வீட்டிலேயே இருக்கிறது. அந்த இடத்தை உடனே சாக்பீஸால் குறித்துவையுங்கள். கரையான் அந்தத் துளையை மண் பூசி அடைத்துவிடும். நிலையைத் தட்டினால் பொத்தென்று கேட்கிறதா? உள்ளே அரித்தாயிற்று. சுவரோரம் தரையில் துளையிட்டு மருந்து இறக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

ஸ்ப்ரே அடித்து ஈசலைக் கொன்றால் தீர்ந்தது என்பது தவறு: மரத்தை அரிப்பவை உள்ளே தங்கிவிட்ட, இறகில்லாத வேலைக்காரக் கரையான்கள்.