அறுபதாம் கல்யாண விருந்தும் மூன்றரை வட்டியும்

கேள்வி: மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். சம்பளம் 28,000 ரூபாய்; மீன்பிடித் தடைக்காலத்தில் குறைத்துத்தான் தருவார்கள், அது முடிந்த பிறகே முழுதாக வரும். மனைவிக்குத் தையலில் மாதம் ஐந்தாறாயிரம் வரும். அப்பா விசைப்படகு டிரைவராக இருந்து ஓய்ந்தவர். மே மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கை ஊர்க் கோயிலிலேயே முடிக்கிறோம். அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. டிவியில் சமைக்கிற ஒரு செஃப் சென்னையில் நடத்தும் ரெஸ்டாரண்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவர் சொல்லும் சமையலை எல்லாம் வருஷக்கணக்காக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆறு பேர் போய்வர 30,000 ஆகிறது. 'கிரெடிட் கார்டில் போடுங்க மச்சான், 50 நாள் வட்டி கிடையாது, தடைக்காலம் முடிந்ததும் கட்டிடலாம்' என்கிறான் மச்சினன். கார்டில் ஏற்கெனவே 62,000 நிற்கிறது. பெட்ரோல், மருந்தும் அதே கார்டில்தான். 14 மாதம் முன்பு அவன் பைக்குக்கும் போனுக்கும் 58,000 தேய்த்தேன். 10,000 தந்தான், அதோடு சரி. இப்போதும் அவசரம் என்றால் போன் செய்து ஓடிபி கேட்பான். மினிமம் தொகையை ஒரு மாதம்கூட நான் தவறவிட்டதில்லை. டைனிங் கார்டு ஒன்று வாங்கினால் பில்லில் தள்ளுபடி, மாதம் 500 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் சேர்த்தால் கடன் ஈடாகிவிடும் என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா சாப்பிடட்டும். நோட்டுப் போட்டு எழுதி வைத்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு மிகையில்லை. என் கவலை உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிற வரியைப் பற்றித்தான்: மினிமம் தொகையைத் தவறவிட்டதில்லை என்பது.

உங்கள் ஊரில் யாராவது நூற்றுக்கு மூன்றரை வட்டிக்குப் பணம் வாங்கினால் தெருவே பேசும். கார்டில் நீங்கள் கட்டுவது அதே மூன்றரை வட்டிதான். ஸ்டேட்மென்டில் அச்சடித்து வருவதால் கௌரவமாகத் தெரிகிறது. 62,000க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 390. ஆக 2,560. நீங்கள் கட்டுகிற மினிமம் 5 சதவீதம், அதாவது 3,100. அசலில் குறைவது 540 ரூபாய். அதையும் பெட்ரோல், மருந்து என்று அதே கார்டில் தேய்த்து மீண்டும் ஏற்றிவிடுகிறீர்கள். 14 மாதத்தில் உங்கள் கையிலிருந்து மட்டும் 43,000 போயிருக்கும். 58,000 கடன் 62,000 ஆகி நிற்கிறது. ஐஸ் கம்பெனிக் கணக்கு இப்படி இருந்தால் முதலாளி உங்களைச் சும்மா விடுவாரா?

அடுத்து, மச்சினன் சொல்கிற அந்த 50 நாள். போன மாத பாக்கியை முழுதாக அடைத்தவருக்குத்தான் அந்தச் சலுகை. பாக்கி வைத்திருப்பவர் புதிதாக எதைத் தேய்த்தாலும், தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். நீங்கள் 14 மாதமாக பெட்ரோலுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விருந்துக்கான 30,000 அங்கே ஏறினால் ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 1,240 கூடுதல் வட்டி, மினிமத்தில் 1,500 கூடுதல். அதுவும் எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கிற நேரத்தில். முழுச் சம்பளம் தடைக்காலம் முடிந்துதான் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ 62,000க்கு அடகு வையுங்கள். தெருமுனை அடகுக் கடை வேண்டாம். வருஷத்துக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி வரும். மாதக் கணக்கில் 500 ரூபாய். 2,560 எங்கே, 500 எங்கே! அன்றே கார்டு பாக்கியை முழுதாகக் கட்டி, கார்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிறகு இப்போது கட்டுகிற அதே 3,100ஐ நகைக்கடனில் கட்டிவந்தால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். இடையில் ஒரு வருஷம் முடிந்ததும் மீதிக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், தேதியைக் குறித்து வையுங்கள். தடைக்காலத்தில் கை இறுகினால் அந்த இரண்டு மாதம் வட்டியை மட்டும் கட்டலாம். ஓர் எச்சரிக்கை: தங்கம் விற்கிற விலையில் அதே நகைக்கு இன்னும் கூடக் கொடுக்கிறோம் என்பார்கள். 62,000க்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள், விருந்துக்காகவும்தான்.

நகை வைக்க மனைவி தயங்கினால் அது நியாயமே. அவர் தம்பி வைத்த கடனுக்கு அவர் நகை. ஆனால் இந்தக் கணக்கை அவரிடம் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது.

நண்பரின் யோசனைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மூன்றரை வட்டிக் கடனை வைத்துக்கொண்டு மாதம் 500க்குத் தங்கம் சேர்ப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்காமல் வலை பின்னுவது போல. போதாததற்கு டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டின் கீழ் வராத பொருள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. டைனிங் கார்டா? வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே சாப்பிடுகிற குடும்பத்துக்கு எதற்கு?

இனி விருந்து. மே மாதமே வேண்டும் என்பதில்லை. சடங்கு மேயில் நடக்கட்டும், சென்னைப் பயணத்தை செப்டம்பருக்குத் தள்ளுங்கள். ஆறு பேர் வேண்டாம், அப்பா, அம்மா, நீங்கள் இருவர். ராத்திரி ரயிலில் போய், மதியம் சாப்பிட்டு, அன்று மாலை ரயிலிலேயே திரும்பினால் லாட்ஜ் செலவு மிச்சம். மதியத்துக்கு செட் மெனு உண்டா என்று போனில் கேளுங்கள். ஆளுக்கு 1,800 என்று வைத்தாலும் நான்கு பேருக்கு 7,200. தனி ரெஸ்டாரண்ட் என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி, 360 ரூபாய். அறை வாடகை 7,500க்கு மேல் போகிற நட்சத்திர ஹோட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம், 1,296. இதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். டிக்கெட்டும் சேர்த்து 12,000க்குள் முடியும். ஏப்ரல், மே தவிர்த்து, தையல் வருமானத்திலிருந்து மாதம் 3,000 ஒதுக்கினால் நான்கு மாதம்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். பலகையில் பெயர் இருக்கிற செஃப் அன்று அடுப்படியில் நிற்பார் என்று உறுதியில்லை. டிவி செஃப் சஞ்சீவ் கபூரின் 'யெல்லோ சில்லி' போலப் பல கடைகள் பிரான்சைஸ் முறையில் வேறு ஆட்கள் நடத்துபவை. அப்பாவும் தயாராக வரட்டும். ஆயுள் முழுக்கப் படகிலிருந்து கூடை கூடையாக இறக்கிய மீன் அங்கே தட்டில் ஒரு துண்டு வரும், விலையைப் பார்த்து அவர் எழுந்துவிடக் கூடாது.

மச்சினனிடம் சண்டை வேண்டாம். வரவேண்டிய 48,000ஐ மாதம் 2,000 வீதம் தரச் சொல்லி மனைவியின் முன்னால் கேளுங்கள். தந்தால் நகை சீக்கிரம் திரும்பும், தராவிட்டாலும் மேலே போட்ட கணக்கு நிற்கும். ஓடிபி கேட்டு அடுத்த முறை போன் வந்தால், கார்டையே மூடிவிட்டேன் என்று சொல்லுங்கள். பொய் சொல்கிறோமே என்ற சங்கடம் உங்களுக்கு இருக்காது.