ஷார்ஜாவிலிருந்து சொல்லாமல் கிளம்பி வராதீர்கள், டீச்சர்

கேள்வி: செம்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு ஒரு வருடம் மும்பையிலேயே வேலை பார்த்தேன். அந்தேரியில் உள்ள ஒரு ஏஜென்சி மூலம் ஏப்ரலில் ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்தேன். மாதம் 5,000 திர்ஹாம், தனி அறை என்று மும்பையில் கொடுத்த லெட்டரில் இருந்தது. இங்கே சம்பளம் 3,200, அதிலும் விசா செலவு என்று மாதம் 300 பிடிக்கிறார்கள். ஒரே அறையில் நான்கு பேர். விடியற்காலை 5 மணிக்கே பஸ் டியூட்டி. வந்த அன்றே பாஸ்போர்ட்டை எச்.ஆர். வாங்கி வைத்துக்கொண்டார். ஏஜென்சிக்கு அப்பா 1,80,000 ரூபாய் கொடுத்தார், 30,000க்குத்தான் ரசீது, மீதி ஏஜென்டின் மனைவி நம்பருக்கு ஜிபே. 2 வருடத்துக்கு முன் திரும்பினால் 3 லட்சம் கட்டுவதாக பாண்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அப்பாவின் பிளாங்க் செக்கும் அவர்களிடம் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைத் தருவார்களாம். அப்படியே வந்துவிட்டு, திரும்பிப் போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். வருவது தப்பில்லை, சொல்லாமல் வருவதுதான் தப்பு. வேலையை விடுவதற்கு உங்களுக்குச் சட்டப்படியே வழி இருக்கிறது. நீங்கள் லீவில் வந்து அப்படியே நின்றுவிட்டால், வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று பள்ளி அங்கே பதிவு செய்யும், அதற்குப் பிறகு 1 வருடத்துக்கு அமீரகத்தில் புது வொர்க் பெர்மிட் கிடைக்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், இன்று புகார் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நாளை பதில் சொல்லும் இடத்துக்குத் தள்ளப்படுவீர்கள். இங்கே ஏஜென்டும் பள்ளியின் அந்தப் பதிவைக் காட்டித்தான் உங்கள் அப்பாவிடம் 3 லட்சம் கேட்பான்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் ஒரே பிரச்சினையாகக் கலந்து கிடக்கிறது, வீட்டை விட்டு முதல் தடவை இவ்வளவு தூரம் போன பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் சட்டத்தில் இது இரண்டு. பள்ளியோடு உள்ளது அங்கே தீர வேண்டியது, ஏஜென்சியோடு உள்ளது இங்கே மும்பையில் தீர வேண்டியது. முதலில் அங்கே புகார், அப்புறம் ராஜினாமா, அப்புறம் டிக்கெட். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அமீரகத்தில் உங்களுக்குப் பொருந்துவது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவுப்படி வேலை கொடுத்தவர் உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. நம் நாட்டுப் பாஸ்போர்ட் சட்டம் 1967இன்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து, உங்களுடையதும் அல்ல, எச்.ஆருடையது எப்படியும் அல்ல. "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்பார்கள். அதற்கு நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை, ஒரு இமெயில் அனுப்புங்கள்: என் பாஸ்போர்ட் இன்ன தேதியிலிருந்து உங்களிடம் இருக்கிறது, திருப்பித் தாருங்கள். இரண்டே வரி போதும். வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை, இமெயிலுக்கு இருக்கிறது. பள்ளி கொடுத்த மெயில் ஐடியிலிருந்து அனுப்பாமல் உங்கள் சொந்த ஐடியிலிருந்து அனுப்புங்கள், வேலை முடிந்த அன்றே பள்ளி ஐடியைப் பூட்டிவிடுவார்கள்.

மாதம் 300 பிடிக்கிறார்களே, அது நேரடியாகச் சட்ட விரோதம். ஆளை எடுத்த செலவு, விசா செலவு எதையும் நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளச் சீட்டில் "விசா" என்றே எழுதிப் பிடித்திருந்தால் அவர்களே உங்களுக்குச் சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

சம்பளம் 5,000ஆ 3,200ஆ என்பதுதான் சிக்கலான இடம், இதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. மும்பையில் ஏஜென்சி கொடுத்த லெட்டரில் என்ன இருந்தது என்பதை அங்கே பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தில் உங்கள் பெயரில் பதிவான வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அமைச்சகத்தின் ஆப்பில் நுழைந்து அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வரும்போது அரபியில் எதையோ நீட்டி அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்களா? அங்கே ஆஃபர் லெட்டரையும் ஒப்பந்தத்தையும் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழியிலும் தரலாம், அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது, இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. பதிவில் 5,000 என்று இருந்து 3,200 கொடுத்தால், மாதாமாதம் உள்ள பாக்கியை நீங்கள் கேட்டு வாங்கலாம், வலுவான கேஸ். பதிவிலேயே 3,200தான், உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்றால் பள்ளியிடம் அந்தப் பாக்கி கிடைப்பது கடினம். அப்போது அந்த 5,000 லெட்டர் வேறு இடத்தில் வேலை செய்யும்: ஏஜென்ட் ஏமாற்றினான் என்பதற்கு அதுவே முதல் ஆதாரம்.

புகாரை அமைச்சகத்தின் 80084 என்ற நம்பரிலோ ஆப்பிலோ கொடுக்கலாம். 50,000 திர்ஹாம் வரையிலான தகராறை அமைச்சகமே விசாரித்துத் தீர்ப்பு சொல்ல முடியும், உங்களிடம் கோர்ட் கட்டணம் கேட்க மாட்டார்கள். நியாயமான புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், 3 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு உண்டு. இதோடு இந்தியத் தூதரகப் பக்கமும் சொல்லி வையுங்கள். ஷார்ஜா துபாயில் உள்ள துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. அங்கேயே வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான உதவி மையம், பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, இருக்கிறது, 800 46342, அழைப்பு இலவசம், சட்ட ஆலோசனையும் மனம் விட்டுப் பேச ஆளும் கிடைக்கும். தினமும் இரவு அம்மாவிடம் வீடியோ காலில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போய் அழுகிற டீச்சர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம், அந்த நம்பரைக் கூப்பிடுங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற புகார் போர்ட்டலில் அப்பா இங்கிருந்தே உங்கள் சார்பில் புகார் பதியலாம்.

புகார் பதிவான பிறகும் வேலையை விடத்தான் வேண்டும் என்றால், நீங்கள் இன்னும் 6 மாத புரொபேஷனில் இருப்பதால் 9ஆம் பிரிவுப்படி 14 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாட்டை விட்டுக் கிளம்பலாம். அங்கேயே வேறு பள்ளி கிடைத்தால் 1 மாத நோட்டீஸ், ஆளை எடுத்த செலவைப் புதுப் பள்ளிதான் பழைய பள்ளிக்குக் கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. ஊருக்கு வந்து 3 மாதத்துக்குள் திரும்பி வேறு பள்ளியில் சேர்ந்தாலும் அதே கணக்குதான். ஷார்ஜா பள்ளிகளில் நல்லவையும் இருக்கின்றன, ஒரு மோசமான எச்.ஆரைப் பார்த்து வெளிநாட்டு வேலையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

சரி, மும்பைக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. இப்போது உங்கள் ரசீதைப் பாருங்கள். சரியாக 30,000க்கு மட்டும் ரசீது. மீதி 1,50,000 மனைவி நம்பருக்கு ஜிபே. சட்டத்தின் வரம்பு என்ன என்று நன்றாகத் தெரிந்த ஆள் செய்த வேலை இது. பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் உள்ள அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்சி பெயரைத் தேடுங்கள். பதிவு இல்லை என்றால் அது ஒரு குற்றம், பதிவு இருந்து கூடுதல் வாங்கியிருந்தால் அது வேறு குற்றம், பதிவுக்காக அவன் கட்டி வைத்திருக்கும் பேங்க் கியாரண்டிக்கும் ஆபத்து. பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் விதேஷ் பவனில் உள்ள, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்கும் மத்திய அரசு அதிகாரியான புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் அலுவலகத்தில் அப்பா எழுத்தில் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில் வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். போனவரோ அவருடைய அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று 27ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஒரு சட்டத்தை மட்டும் நம்பிப் போகக் கூடாது. "வேலை" என்றால் என்ன என்று அதில் சொல்லும் இடத்தில் நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன் என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள், ஆசிரியர் என்ற பெயர் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். தண்டனையும் 2 வருடம்தான். அதனால் போலீஸ் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஏமாற்றிப் பணம் பறித்தது, 7 வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு, அதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்தேரிக்கு அலையத் தேவையில்லை, செம்பூர் ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை, கொடுக்கலாம். ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப் சாட், ஜிபே ரசீதுகள், 5,000 லெட்டர், மூன்றும் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பணத்தைத் திரும்ப வாங்க பாந்த்ராவில் உள்ள புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பாண்டைப் பற்றி. 2025இல் விஜயா பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2 லட்ச ரூபாய் பாண்டை ஏற்றுக்கொண்டது உண்மை, ஏஜென்சி அதைக் காட்டி மிரட்டலாம். அங்கே பாண்ட் வாங்கியது வேலை கொடுத்த பேங்க், ஆள் எடுக்க அதற்கு நிஜமாகவே செலவு ஆகியிருந்தது. உங்களிடம் வாங்கியிருப்பது நடுவில் நின்ற தரகர், அவனுக்கு ஆன செலவையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான நஷ்டஈட்டைத்தான் அனுமதிக்கிறது, எழுதிய தொகையை அப்படியே அல்ல.

ஆனால் செக்கை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்த செக்குக்கும் கடன் இருந்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், 2019இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது, இல்லை என்று காட்டும் பொறுப்பு அப்பாவுடையது. அதனால் இந்த வாரமே, ரிஜிஸ்டர்ட் தபாலில், இன்ன நம்பர் செக் ஜாமீனுக்காக மட்டும் கொடுத்தது, உங்களுக்கு ஒரு ரூபாயும் கடன் இல்லை, செக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று அப்பா ஏஜென்சிக்கு எழுத வேண்டும். அதன் நகலோடு பேங்கில் ஸ்டாப் பேமென்ட், அதாவது அந்தச் செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்ற கடிதம், கொடுக்கட்டும். கணக்கை மூடிவிடக் கூடாது, மூடினாலும் செக் திரும்பியதற்கான 138ஆம் பிரிவு வழக்கு வரும். ஒருவேளை செக்கைப் போட்டுத் திரும்பினால், அது திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும். வந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம், அதைச் செய்யாதீர்கள். வாங்கி, 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்.

வழக்குகளை அப்பா நடத்த துணைத் தூதரகத்தில் நீங்கள் ஒரு பவர் பத்திரம் எழுதி அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்ட வேண்டும். அதுவரை அப்பா அந்தேரி ஆபீசுக்குத் தனியாகப் போய் சமாதானம் பேச வேண்டாம், கூப்பிட்டாலும் போகக் கூடாது, "செட்டில்மென்ட்" என்று எதை நீட்டினாலும் படித்துப் பார்க்கிறேன் என்று போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டும், கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.