கட்டி மோவாயில், கிருமி மூக்கில்

கேள்வி: வயது 34, யாங்கோனில் கைப்பேசிக் கடையில் வேலை. ஒரு வருடமாக மோவாயிலும் மூக்கோரத்திலும் மாதம் தவறாமல் சீழ்க்கட்டி வருகிறது. மருந்துக்கடையில் இரண்டு நாளுக்கு மாத்திரை வாங்கிப் போட்டால் அமுங்கிவிடும். பிறகு வேறிடத்தில் கிளம்பும். உடம்புச் சூடு, மாம்பழத்தை நிறுத்து என்கிறார் அம்மா. இதற்கு முடிவு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கட்டிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் முடிவு வராது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறக்குறைய பத்துப் பேரில் மூவருக்கு மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் இது சத்தமில்லாமல் குடியிருக்கும். மூக்கைத் தொட்ட விரல் மோவாயைத் தொடும். சவரத்தில் ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி மயிர்க்காலுக்குள் இறங்கும். மே முதல் அக்டோபர் வரையிலான மழைக்கால ஈரமும் வியர்வையும் அதற்கு இன்னும் வசதி. மாம்பழம் தின்பதால் கட்டி வராது. காம்பின் பால் பட்டு வாயோரம் புண்ணானால் அந்தப் புண் கிருமிக்கு வழிவிடும், அவ்வளவுதான். பழத்தைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

இப்போது இருக்கும் கட்டிக்கு வெந்நீர் ஒத்தடமே முதல் மருந்து. சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு 3 அல்லது 4 தடவை வையுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு துணி. பிதுக்கவே வேண்டாம். இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து வாயின் இரு ஓரம் வரையிலான முக்கோணப் பகுதியின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால், மூளையை ஒட்டியுள்ள குழாய்களோடு தொடர்புடையவை. அரிதாக, தொற்று அந்த வழியில் உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல், கண்ணிமை வீக்கம், கடுமையான தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிவது: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று புரிய வேண்டும். சிறு கட்டி தானாக உடைந்து சீழ் வெளியேறினாலே ஆறிவிடும். மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நமக்குத் தோன்றும். அரைகுறையாகப் போடும் ஆன்டிபயாட்டிக் மூக்கில் இருப்பதை ஒழிக்காது, மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் மிச்சம் வைக்கும். அடுத்த கட்டி வந்ததும், எந்த மாத்திரையும் போடுவதற்கு முன்பு, டாக்டரிடம் சீழ் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். கூடவே சர்க்கரையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை இருக்கும்வரை கட்டிகள் ஓயாது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை முகத்தில் தடவாதீர்கள். சிவப்பு இரண்டு நாளில் மறையும், ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தி குறைந்து தொற்று பரவும்.

கட்டி ஆறிய பிறகு மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். டாக்டர் சம்மதித்தால், 2 சதவீத முபிரோசின் ஆயின்மென்ட்டைத் தீக்குச்சித் தலை அளவு எடுத்து, இரு துவாரங்களின் முன்பகுதியிலும் தடவி, மூக்கை மூடி ஒரு நிமிடம் மெல்ல அழுத்திவிடுங்கள். காலை, மாலை, 5 நாள். அதே 5 நாளும் கழுத்துக்குக் கீழே 4 சதவீத குளோர்ஹெக்ஸிடின் திரவத்தால் குளிக்கலாம். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. முபிரோசினை மாதக்கணக்கில் இழுத்தால் கிருமி அதற்கும் பழகிவிடும்.

இந்த 5 நாளில் வீடும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் முயற்சி வீணாகிறது. முகத் துண்டு ஆளுக்கு ஒன்று. துண்டும் தலையணை உறையும் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து, முற்றிலும் காய்ந்த பின்பே எடுங்கள். மழையில் காயாவிட்டால் இஸ்திரி போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வந்திருந்தால் அவருக்கும் அதே வாரத்தில் சிகிச்சை நடக்கட்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

மரப்பட்டையைக் கல்லில் இழைத்து முகத்தில் பூசும் தனக்காவைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் கட்டி, புண் மேல் பூசாதீர்கள். இழைத்து மிஞ்சியதைக் கல்லிலேயே ஈரமாக விட்டு மறுநாள் எடுப்பதும், ஒருவர் விரல் விட்ட குழம்பை எல்லோரும் பூசிக்கொள்வதும் கூடாது. கல்லைக் கழுவிக் காயவைத்து, அன்றன்றைக்கு இழையுங்கள்.

கட்டி ஆறும்வரை சவரத்தை நிறுத்தி, ட்ரிம்மரால் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகும் முடி வளரும் திசையிலேயே, புது பிளேடால் மட்டும். முடிதிருத்தகத்தில் பிளேடு மாற்றுவதைக் கவனிப்பவர்கள்கூடப் படிகாரக் கல்லை மறந்துவிடுகிறார்கள். முன்னால் உட்கார்ந்தவரின் கீறலில் தேய்த்த அதே கல்தான் உங்கள் மோவாய்க்கும் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அல்லது சொந்தக் கல் கொண்டு போங்கள்.

இத்தனையும் செய்தும் அடங்காவிட்டால், வந்தது பாக்டீரியாதானா என்றே சந்தேகிக்க வேண்டும். நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் சிறு பருக்கள் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் அதைக் கூட்டவே செய்யும். உதட்டருகே அதே இடத்தில், எரிச்சலுக்குப் பின் கொத்தாக வரும் நீர்க்கொப்புளம் அக்கி வகை வைரஸ். இரண்டுக்கும் மருந்து வேறு, தோல் டாக்டரிடம் காட்டித்தான் தொடங்க வேண்டும்.